யார் யாருக்கெல்லாம் தெரியும்?

கேள்வி: ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' படித்தேன். அதில் வரும் பேய்கள் நிஜமா, இல்லை அந்த ஆசிரியைக்குத்தான் மனம் பேதலித்துவிட்டதா? எங்கள் வாசிப்புக் குழுவில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோம். – முதுகலை மாணவி

பதில்: ரொம்பப் பழைய சண்டை இது. நான் எந்தக் கட்சியிலும் சேர மாட்டேன். பேயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், உயிரோடு இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது பேச்சிலேயே வராமல் போய்விடுகிறது.

1898-இல் வந்த அந்தக் கதையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தர வரும் அந்த ஆசிரியைக்கு, பிள்ளைகளின் பெரியப்பா வேலை கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போடுகிறார்: எது நடந்தாலும் என்னிடம் வரக் கூடாது, எழுதக் கூடாது, நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சிறுவன் மைல்ஸின் பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் கடிதம் வருகிறது. பெரியப்பா உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நீங்களே படித்து ஆவன செய்யுங்கள், எனக்கு ஒரு வார்த்தையும் வரக் கூடாது என்று குறிப்பு எழுதி அப்படியே அனுப்பிவிடுகிறார். பையனை இனி வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் கடிதத்தின் சாரம். ஏன் என்று ஒரு வரி கிடையாது. ஆசிரியை அதை மிஸஸ் குரோஸிடம் நீட்டுகிறாள். வீட்டை நிர்வகிக்கும் அந்த அம்மாள் வாங்காமல் கைகளைப் பின்னால் கொண்டுபோகிறாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

காரணம் இல்லாத கடிதம் எப்படித் தயாராகும் என்று எனக்குத் தெரியும். ஒரு பள்ளி அலுவலகத்தில் பல வருடம் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். முதல் வரைவில் காரணம் இருக்கும். கையெழுத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது அந்த வரி அடிக்கப்பட்டு, மேலே 'சொந்தக் காரணங்களால்' என்று பேனாவில் எழுதியிருக்கும். நான் மறுபடி தட்டச்சு செய்வேன். அப்படிப் போன பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். பேயாக வருகிறான் என்று ஆசிரியை சொல்லும் பழைய வேலைக்காரன் பீட்டர் குவின்ட், உயிரோடு இருந்தபோது பையனிடம் அளவுக்கு மீறி உரிமை எடுத்துக்கொண்டான் என்பது மிஸஸ் குரோஸுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முதலாளிக்குக் கோள் சொல்வதும் புகார் சொல்வதும் பிடிக்காது என்கிறாள். அந்த ஆள் என்ன செய்வானோ என்ற பயமும் இருந்தது. கடைசி அத்தியாயத்தில் மைல்ஸ், பள்ளியில் தனக்குப் பிடித்த சிலரிடம் ஏதோ 'சொன்னதாக' ஒப்புக்கொள்கிறான். அது கை மாறி ஆசிரியர்கள் காதுக்கும் போயிருக்கிறது. அவர்கள் அதை வீட்டுக்குச் சொல்லவே இல்லை, அதனால்தான் உன்னைக் கேட்கிறேன் என்கிறாள் ஆசிரியை. என்ன நடந்தது என்று ஜேம்ஸ் எங்கும் விளக்கவில்லை. ஆனால் அந்தப் பையனைச் சுற்றி யார் யாருக்கெல்லாம் எவ்வளவு தெரிந்திருந்தது என்று மட்டும் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார். உங்கள் குழு அடுத்த முறை அதைப் பட்டியல் போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: ஆரம்பகால கோதிக் நாவல்கள் (பயமூட்டும் மர்மக் கதைகள்) எல்லாம் ஏன் இத்தாலி, ஸ்பெயின் என்று கோட்டைகளிலும் மடங்களிலுமே நடக்கின்றன?

பதில்: எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் ஆங்கிலேயர்கள். கொடுமை என்பது கத்தோலிக்க நாட்டு விஷயம் என்று வைத்துக்கொள்வது அவர்களுக்கு வசதி. 1796-இல் வந்த மேத்யூ லூயிஸின் 'தி மங்க்' நாவலில் கர்ப்பிணியான கன்னியாஸ்திரி ஆக்னஸை மடத்துத் தலைவி நிலவறையில் பூட்டிவிட்டு, செத்துப்போனாள் என்று ஊருக்கு அறிவிக்கிறாள். நடப்பது மாட்ரிட்டில், ஆகவே லண்டன் வாசகர் நிம்மதியாகப் பயப்படலாம். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். அவர் முடிக்காமல் விட்டுப்போன 'மரியா' நாவல் 1798-இல் வெளிவந்தது. அதில் மனைவியைப் பைத்தியக்கார விடுதியில் அடைப்பவன் சாதாரண ஆங்கிலேயக் கணவன். நீதிபதியும் அவன் பக்கம்தான் பேசுகிறார்.

கேள்வி: 'ஜேன் ஐர்' நாவலில் மிஸ் டெம்பிள் நல்லவர்தானே? பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி அந்தப் பள்ளியில் வேலை செய்தார்? நானும் ஆசிரியை என்பதால் உறுத்துகிறது.

பதில்: உறுத்த வேண்டிய இடம்தான். கதாநாயகி ஜேன் படிக்கும் தர்மப் பள்ளியில் கஞ்சி தீய்ந்துபோன நாளில், அதன் தலைமை ஆசிரியை மிஸ் டெம்பிள் பிள்ளைகளுக்கு ரொட்டியும் சீஸும் கொடுக்கச் சொல்கிறாள். நிர்வாகி பிராக்கிள்ஹர்ஸ்ட் வந்து, உடம்புக்குத் தீனி போட்டு ஆத்மாவைப் பட்டினி போடுகிறாய் என்று பிரசங்கம் செய்கிறார். இயற்கையிலேயே சுருண்ட ஒரு பெண்ணின் முடியை வெட்டச் சொல்கிறார். சற்று நேரத்தில் அவர் மனைவியும் மகள்களும் வெல்வெட்டும் பட்டுமாக வந்து நிற்கிறார்கள், பொய்ச் சுருள்முடி வேறு. பிரசங்கம் நடக்கும்போது மிஸ் டெம்பிளின் முகத்தைத்தான் நாவலாசிரியர் ஷார்லட் பிராண்டி பார்க்கச் சொல்கிறார். வெளுத்துப் பளிங்காக உறைந்த முகம், சிற்பியின் உளி வந்தால்தான் திறக்கும் என்பது போல மூடிய வாய்.

அவளால் முடிந்தது என்ன என்பதையும் பாருங்கள். ஜேனைப் பொய்காரி என்று எல்லோர் முன்னாலும் பிராக்கிள்ஹர்ஸ்ட் முக்காலியில் ஏற்றி நிறுத்தியபின், மிஸ் டெம்பிள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உன் தரப்பைச் சொல் என்கிறாள். கேட்டதோடு நிற்காமல், விஷயம் தெரிந்த லாயிட் என்பவருக்குக் கடிதம் போட்டு விசாரிக்கிறாள். பதில் வந்ததும் மொத்தப் பள்ளியையும் கூட்டி, ஜேன் மேல் குற்றமில்லை என்று அறிவிக்கிறாள். எல்லோர் முன்னாலும் வந்த கெட்ட பேரை எல்லோர் முன்னாலும்தான் நீக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை விசாரணைக் குழுக்கள் இதைக்கூடச் செய்வதில்லை!

ஆனால் பள்ளியின் நிலைமை வெளியே தெரிய அது போதவில்லை. காய்ச்சல் வந்து, 80 பெண்களில் 45 பேர் ஒரே சமயத்தில் படுத்து, பலர் செத்த பிறகுதான் ஊர் கேள்வி கேட்கிறது. அதற்குப் பிறகும் பிராக்கிள்ஹர்ஸ்ட் பொருளாளராகவே நீடிக்கிறார். பணமும் குடும்பச் செல்வாக்கும் இருந்ததால் அவரை ஒதுக்க முடியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறாள் ஜேன். மொத்த நாவலிலும் என்னை மிகவும் கோபப்படுத்தும் வாக்கியம் அது. பிராண்டியின் அக்காக்கள் மரியாவும் எலிசபெத்தும், நாவலின் பள்ளிக்கு முன்மாதிரியான கோவன் பிரிட்ஜ் பள்ளியில் நோய்ப்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1825-இல் இறந்தவர்கள். நாவல் வந்தது 1847-இல். அந்த ஒரு வாக்கியத்தை எழுத அவருக்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கேள்வி: உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை வேறொருத்தி என்று சொல்லி மருத்துவமனையில் அடைப்பதெல்லாம் மிகையாகத் தெரியவில்லையா?

பதில்: வில்கி காலின்ஸின் 'தி உமன் இன் ஒயிட்' நாவலைச் சொல்கிறீர்கள். அப்படி அடைக்கப்பட்ட லாரா தன் பெயரைச் சொல்லச் சொல்ல, தாதி அவள் உள்ளாடையில் மையால் எழுதிய வேறொருத்தியின் பெயரைக் காட்டி, உன் துணியிலேயே உன் பெயர் இருக்கிறது பார், சும்மா எங்களைத் தொல்லை பண்ணாதே என்கிறாள். அந்தத் தாதி கெட்டவள் இல்லை, எழுதியிருந்ததை நம்பினாள், அவ்வளவுதான். மிகை என்கிறீர்களே, இந்த நாவல் தொடராக வரத் தொடங்கியது 1859-இல். அதற்கு முந்தைய வருடம்தான் நாவலாசிரியரும் அமைச்சருமான எட்வர்ட் புல்வர் லிட்டன், பிரிந்து வாழ்ந்த தன் மனைவி ரோசினாவை மனநல விடுதியில் அடைத்தார். வெளியில் எழுந்த கூச்சலால் சுமார் மூன்று வாரத்தில் அவரை விட வேண்டியதாயிற்று.

கேள்வி: சின்ன வயதில் நான் இருந்த ஓர் இடத்தில் எனக்கு நடந்ததை அங்கே பலர் அறிவார்கள். யாரும் கேட்கவில்லை. 'ஜேன் ஐர்' தொடங்கினேன், சிறுமி ஜேனைத் தனியாகப் பூட்டிவைக்கும் சிவப்பு அறைக்கு மேல் படிக்க முடியவில்லை. தொடர வேண்டுமா? – பெயர் வேண்டாம்

பதில்: வேண்டாம் அம்மா, மூடி வையுங்கள். எந்த நாவலையும் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. உங்களுக்கு நடந்தது நடந்ததுதான், நான் நம்புகிறேன். அதைப் பேச நம்பிக்கையான ஒருவரோ மனநல ஆலோசகரோ கிடைத்தால் அது எந்தப் புத்தகத்தையும்விட நல்லது.

என்றாவது திரும்ப எடுக்கத் தோன்றினால், சிவப்பு அறையைத் தாண்டி மூன்றாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். முன்னால் சொன்ன அதே லாயிட் அங்கே வருகிறார். மருந்து கொடுக்கும் சாதாரண மனிதர். பணிப்பெண் பக்கத்தில் இருக்கும்வரை ஜேனால் முழுதாகப் பேச முடியவில்லை என்று அவருக்குப் புரிகிறது. சாப்பாட்டு மணி அடித்ததும், நீ போய்ச் சாப்பிடு, நான் இவளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு, நேற்று உனக்கு என்ன ஆயிற்று என்று ஜேனிடம் கேட்கிறார். அவள் பேயைப் பற்றிச் சொல்கிறாள். அவர் சிரித்தாலும் விட்டுவிடவில்லை, வேறு என்ன வருத்தம் என்று மேலும் கேட்கிறார்.