களைக்கொல்லி தாங்கும் பயிர்களை ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

களைக்கொல்லியைத் தாங்கி வளரும் பயிர்களை மரபணு மாற்றத்தால் உருவாக்கும் ஆய்வுக்கே போவேன் என்று மகள் பிடிவாதமாக இருப்பதாகவும், அனுமதியே கிடைக்காத துறையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பிறகு வேலைக்கு எங்கே போவது என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் கலக்கத்தில் நியாயம் இருக்கிறது. காய்ப்புழுவை எதிர்க்க ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்டு, 2002-இல் அனுமதி பெற்ற பிடி பருத்திக்குப் பிறகு, இந்திய விவசாயிகளின் வயலுக்கு வேறு எந்த மரபணு மாற்றுப் பயிரும் வணிக முறையில் வந்து சேரவில்லை. குளுபோசினேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு கொண்ட டி.எம்.எச்.-11 கடுகு ரகத்துக்கு 2022 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் பரிந்துரை கிடைத்தும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கியதால் முடிவு எட்டப்படவில்லை.

ஆனால், மகளின் ஆர்வத்தை மாற்ற வேண்டியதில்லை; அதற்கேற்ற படிப்பைத்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி மருந்து, செடி மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை முடக்கி, அந்தச் செடியைக் கொல்கிறது. அந்த மருந்துக்கு மசியாத நொதியை ஒரு பாக்டீரியாவில் கண்டறிந்து, அதற்கான மரபணுவைச் சோயாவில் சேர்த்தார்கள். அமெரிக்க விவசாயிகள் 1996 முதல் அதை விதைத்தார்கள். ஆண்டுதோறும் அதே மருந்தை அடித்ததன் விளைவாக, 2000-களின் நடுவில் ஜார்ஜியா மாநிலப் பருத்தி வயல்களில், நம் தண்டுக்கீரைக்கு உறவான பால்மர் அமராந்த் என்ற களை அந்த மருந்துக்குச் சாகாமல் நின்றது. மரபணுவை மட்டும் படித்தவருக்கு இந்த ஆபத்து முன்கூட்டியே தெரிய வாய்ப்பு குறைவு என்பதால்தான், உழவியலும் களையியலும் பயிர்ப்பெருக்கமும் சேர்ந்த பி.எஸ்சி. வேளாண்மையை முதலில் படிக்கச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இமாசெத்தபைர் களைக்கொல்லியைத் தாங்கும் பூசா பாஸ்மதி 1979, 1985 ஆகிய நெல் ரகங்கள் 2021-இல் வெளிவந்தன. அவை வேற்றுயிர் மரபணு எதையும் சேர்க்காமல், மரபணுத் திடீர் மாற்றத்தையும் பயிர்க்கலப்பையும் கொண்டு உருவானவை. தவிர, வெளி மரபணு தங்காத சில வகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு, அதாவது செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்த பயிர்களுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கட்டுப்பாடுகளிலிருந்து 2022-இல் விதிவிலக்கும் கிடைத்தது. வேளாண்மை படித்தவருக்கு இந்த வழிகளும் திறந்திருக்கும்.

மகளை ஒருமுறை, செடியின் சிறு துண்டிலிருந்து முழுச் செடியை வளர்க்கும் திசு வளர்ப்பு ஆய்வகம் ஒன்றைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள். களைக்கொல்லி கலந்த சத்துக்கூழில் வைத்த திசுக்களில் பெரும்பாலானவை பழுப்பேறிச் சாக, ஒன்றிரண்டு மட்டும் பச்சையாக நிற்கும். அவற்றை நாற்றாக்கி, இலை நுனியில் தூரிகையால் களைக்கொல்லியைத் தடவி, மஞ்சளாகிறதா என்று நாள்கணக்கில் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். அந்தப் பொறுமை தனக்கு உண்டா என்பதை அவளே அறியட்டும். முனைவர் பட்டம் வரை படிக்க நேரிடும் என்பதையும் குடும்பமாக இப்போதே பேசிவிடுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை, நீட் தேவையில்லை. முதல் விருப்பமாக வேளாண்மையையும், இரண்டாவதாக அங்கேயே உள்ள பி.டெக். உயிரித் தொழில்நுட்பத்தையும் குறிப்பிடுங்கள்.