கைப்பிடி பிய்ந்தால் மெஷினை மாற்ற வேண்டுமா?

கேள்வி: அக்கா, ஆறு மாதமாக வீட்டிலேயே துணிப்பையும் சின்னச் சின்ன பர்ஸ், பவுச்சும் தைக்கிறேன். வாங்கியவர்களில் இரண்டு பேர் கைப்பிடி பிய்ந்துவிட்டது என்று பையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கைப்பிடி பலமாக இருக்கட்டும் என்று ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக ஏழெட்டு முறை ரிவர்ஸ் அடித்துத்தான் தைக்கிறேன். தையல் பிரியவில்லை, தையலோடு சேர்ந்து துணியே கிழிந்து வந்திருக்கிறது. வீட்டு மெஷினில் பை தைத்தால் இப்படித்தான் ஆகும், பெரிய மெஷின் வாங்கிக்கொள், ஆர்டரும் நானே தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பதிலை முழுதாகப் படித்து முடிக்கும்வரையாவது கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. தையல் பிரியவில்லை, துணி கிழிந்தது என்கிறீர்கள். மெஷின் சரியில்லை என்றால் தையல் விட்டுப்போகும், அடியில் நூல் சுருள் சுருளாக நிற்கும், அங்கங்கே தையல் விழாமல் தாவியிருக்கும். அப்படி எதுவும் இல்லை. உங்கள் மெஷின் அதன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அந்த ஏழெட்டு ரிவர்ஸ்தான் துணியைக் கொன்றிருக்கிறது.

கிழிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் தபால்தலையின் ஓரம் மாதிரி பல் பல்லாக இருக்கும். ஊசி முதல் முறை போகும்போது இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் புகுந்துவிடும், வெளியே வந்ததும் இழைகள் மறுபடி சேர்ந்துகொள்ளும். அதே கோட்டில் திரும்பத் திரும்பப் போனால் விலக இடம் ஏது? ஏற்கெனவே நூல் அடைத்துக்கொண்டிருக்கிறது, ஊசி இழையை அறுத்துக்கொண்டுதான் உள்ளே போகும். நீங்கள் பலம் என்று நினைத்துப் போட்ட ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. ஊசி மழுங்கியிருந்தால் இன்னும் மோசம். ஊசியை உடைகிற வரைக்கும் ஓட்டுகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு; எட்டு மணி நேரம் ஓடியதும் மாற்றிவிட வேண்டும். பழைய நைலான் துணியில் நுனியை லேசாக இழுத்துப் பாருங்கள், கொக்கி மாதிரி மாட்டினால் அந்த ஊசி முடிந்தது. நம்பரில் குழம்பாதீர்கள். பாக்கெட்டில் 90/14, 100/16 என்று இரண்டு எண் இருக்கும். 90 என்றால் ஊசியின் தடிமன் 0.90 மில்லிமீட்டர், 14 என்பது அதே ஊசிக்கு இன்னொரு முறையில் வைத்த நம்பர், அவ்வளவுதான். இதை ஒரு வரியில் பாக்கெட்டின் மேலேயே போட்டிருந்தால் இத்தனை வருடமாக எத்தனை பேர் தப்பான ஊசியை வாங்காமல் இருந்திருப்பார்கள்! பையின் உடம்புக்கு 14, கைப்பிடி சேரும் இடத்துக்கு 16. நூல் பாலியெஸ்டர்தான். பருத்தி நூலைப் பைக்குத் தொடவே வேண்டாம்.

அடுத்தது பாரம் எங்கே விழுகிறது என்பது. உங்கள் பையில் கைப்பிடி வாய்ப்பகுதியில் மட்டும் ஒரு விரற்கடை அளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பையில் எவ்வளவு போட்டாலும் அத்தனை பாரமும் அந்த ஒரே கோட்டில். அங்கே எந்த மெஷினில் எப்படித் தைத்தாலும் ஒருநாள் துணி கிழியத்தான் செய்யும். பாரத்தைப் பரப்ப வேண்டும், வேறு வழி கிடையாது.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். கைப்பிடித் துணியை 10 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி ஒரு மடிப்பு போட்டால் 2.5 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும். பாவு நூல் ஓடுகிற நீளவாக்கில்தான் வெட்ட வேண்டும், துணி மிச்சமாகிறது என்று குறுக்கே வெட்டினால் கைப்பிடி நாள் போகப்போக நீண்டுவிடும். இந்தப் பட்டையை வாயோடு நிறுத்தாமல் பையின் முன்பக்கம் முழுக்க மேலிருந்து கீழே இறக்கி, அடியைச் சுற்றிப் பின்பக்கம் ஏற்றிவிடுங்கள். பக்கவாட்டை மூட்டுவதற்கு முன்னால், துணி தட்டையாகக் கிடக்கும்போதே பட்டையின் இரண்டு ஓரத்திலும் தைத்துக்கொண்டு வாருங்கள். மடித்த பிறகு வாய் வரப்போகும் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே வந்ததும் நிறுத்திவிட்டு, வாயை 1 செ.மீ., அப்புறம் 4 செ.மீ. உள்ளே மடித்துத் தைத்த பிறகு, பட்டையை அந்த மடிப்பின் மேல் வைத்து ஒரு கட்டமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் போடுங்கள். ஒரே ஒரு சுற்று. ஆரம்பத்திலும் முடிவிலும் மூன்றே மூன்று தையல் ரிவர்ஸ். தையல் நீளம் 3 மி.மீ. இப்போது பாரத்தைத் தாங்குவது பையின் அடி, வாய் இல்லை. கட்டத்துக்குள் அதிகபட்சம் வருவது ஏழு மடிப்புத் துணி. நடுத்தரமான கேன்வாஸ் துணியென்றால் வீட்டு மெஷின் இதை மெதுவாகத் தைத்துவிடும். மேடு ஏறுகிற இடத்தில் ஃபுட்டின் (துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதம்) பின்பாதிக்கு அடியில் அதே உயரத்துக்கு மடித்த துண்டுத்துணி ஒன்றைக் கொடுங்கள், ஃபுட் சமமாக நிற்கும். மோட்டாரை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

துணியை வெட்டும் முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருக்கம் எவ்வளவு என்று துணிக்கட்டில் எழுத யாருக்கும் மனம் வருவதில்லை, வாங்கியவர் துவைத்த பிறகு உள்துணி ஒரு பக்கம் வெளித்துணி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்போது பேர் கெடுவது தைத்தவருக்குத்தான்.

இதுவரை சொன்ன தையல் முறைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பவுச் தைப்பவர்கள் சீக்கிரமே அங்கே போய்விடுகிறார்கள். ரெக்ஸின், ரப்பர் பூச்சுத் துணி, தண்ணீர் புகாத துணி, இவை எல்லாம் நெய்த துணியின் கணக்கில் வராது. அவற்றில் ஊசி போட்ட ஓட்டை மூடாது, போட்டது போட்டதுதான். நீங்கள் தையலைப் பிரித்தாலும் ஓட்டை அப்படியே நிற்கும், அதனால் குண்டூசி குத்தக் கூடாது, கிளிப்தான் மாட்ட வேண்டும். தையல் நீளத்தை 4 மி.மீ. வையுங்கள், 2 மி.மீ. தையல் போட்டால் நீங்களே கிழிப்பதற்குக் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. ரிவர்ஸ் அறவே கூடாது. நூல் முனைகளை ஒரு சாண் விட்டு, இரண்டையும் உள்பக்கம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுங்கள். பெருக்கல் குறியும் வேண்டாம், கட்டம் மட்டும், மூலைகளை வளைவாகத் திருப்புங்கள், கூர்மையான மூலையில்தான் கிழிசல் தொடங்கும். உள்பக்கம் நெய்த நாடா ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்தால் பாரம் நாடாவுக்குப் போய்விடும், ரெக்ஸின் வெறும் மேல்தோல்தான். ஃபுட் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கிழித்து எடுத்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

சரி, பெரிய மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். 'பெரிய மெஷின்' என்று காட்டப்படுவது பெரும்பாலும் சட்டை தைக்கும் தொழிற்சாலை மெஷின். அதன் பெருமை வேகம், நிமிடத்துக்கு 5,000 தையல்வரைகூட ஓடும். அது மெல்லிய துணிக்கும் நடுத்தரத் துணிக்கும் செய்தது, ஏழெட்டு மடிப்புக்கு இல்லை. தடித்த பைக்கு உண்மையில் வேண்டியது மேல் ஃபுட்டும் துணியோடு சேர்ந்து நடக்கும் மெஷின், அது வேறு வகை, விலையும் வேறு. வித்தியாசம் தெரியாதவரிடம் இதை அது என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். 'ஹெவி ட்யூட்டி' என்று உடம்பில் பொறித்திருப்பதை நம்பிவிடாதீர்கள், எத்தனை மடிப்பு தைத்தால் அந்தப் பெயர் வைக்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. மெஷின் வாங்கியே தீர வேண்டும் என்றால் உங்கள் துணியில், உங்கள் கைப்பிடியை, உங்கள் கண் முன்னால் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய பொறி அந்த ஆர்டர். என்னிடம் படித்த பெண் ஒருவர் இப்படித்தான் முன்பணம் கட்டினார். வெட்டிய துணிகள் வந்தன, ராத்திரி பகலாக நூறு பவுச் தைத்துக் கொடுத்தார். தையல் ஓரம் கோணல் என்று எண்பதைத் தள்ளிவிட்டார்கள். எவ்வளவு கோணல்வரை சரி என்று எழுத்தில் ஒன்றும் இல்லாததால் அவரால் வாதாடவே முடியவில்லை. துணி வீணானதற்கு என்று முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு அதை நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வேலை கொடுப்பவர் வேலை செய்பவருக்குப் பணம் தர வேண்டும். பணம் கேட்டு வேலை தருவதாகச் சொல்பவரிடம் விற்பதற்கு இருப்பது மெஷினோ பதிவுக் கட்டணமோதான், வேலை இல்லை. தையல் வகுப்புகளில் ரவிக்கைக்கு அளவெடுக்க மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒரு ஆர்டரை எப்படி எழுதி வாங்குவது என்று அரைமணி நேரம்கூடச் சொல்வதில்லை. அவர் உண்மையானவர் என்றால் ஒரு மாதிரிப் பையும், தையல் நீளம், ஓரம் விடும் அளவு, ஒரு பைக்குக் கூலி, பணம் தரும் தேதி எல்லாம் எழுதிய ஒரு தாளும் தரட்டும். முதல் பத்து பையை இப்போதுள்ள மெஷினிலேயே தைத்துக் கொடுங்கள், கூலி கைக்கு வரட்டும்.

புது முறையில் தைக்கும் முதல் பையை விற்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எட்டு போட்டால் எட்டுக் கிலோ, அதைக் கதவுக் கைப்பிடியில் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் கட்டத்தின் மூலைகளைப் பாருங்கள், ஓட்டைகள் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் தையல் இன்னும் நெருக்கமாக இருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பி வந்த அந்த இரண்டு பைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிழிசலைச் சுற்றி நைந்த இழைகளை வெட்டிவிட்டு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கிழிசலைவிட நாலு பக்கமும் 3 செ.மீ. பெரிய துண்டு வைத்துத் தைத்து, அதன் மேல் புதிய பட்டையை இறக்குங்கள். அடி ஏற்கெனவே மூட்டியிருப்பதால் பட்டையைச் சுற்ற முடியாது, பாதி உயரத்துக்கு இறக்கி அங்கே ஒரு கட்டம் போட்டால் போதும். முடித்ததும் அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள், காசு வாங்க வேண்டாம்.