எந்தக் காய்து உங்கள் காய்து?

கேள்வி: மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக பாபரின் வம்சப் படம் வரைகிறோம். மேலே போகப் போக ‘காய்து’ என்றொரு மங்கோலியத் தலைவர் வருகிறார். ஓரிடத்தில் அவர் மெனன் துதுனின் மகன், இன்னோரிடத்தில் பேரன். வேறொன்றில் 1301இல் இறந்தார் என்று போட்டிருக்கிறது. செங்கிஸ் கானே 1227இல் இறந்துவிட்டாரே! எதை எழுதுவது?

பதில்: முதலில் அந்த 1301ஐ அழித்துவிடுங்கள். அது வேறு காய்து, செங்கிஸின் மகன் ஒகதேயுடைய பேரன். குப்லாய் கானோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். உங்களுக்கு வேண்டியவர் அவருக்கும் செங்கிஸுக்கும் மூதாதை.

வாட்ஸ்அப்பில் பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதல்லவா? அது இங்கே கச்சிதமாகப் பொருந்தும். செங்கிஸின் தந்தை யெசுகெய், பாட்டன் பர்தான், பூட்டன் கபுல் கான், ஓட்டன் தும்பினாய், சேயோன் பாய் ஷிங்கோர், பரன் காய்து. பிறந்த, இறந்த ஆண்டுகளைப் போடாதீர்கள். இணையத்தில் கிடைப்பவை தலைமுறைக்கு இத்தனை வருடம் என்று பின்னோக்கி எண்ணிப் போட்டவை. ‘சுமார் 11ஆம் நூற்றாண்டு’ போதும்.

சரி, மகனா பேரனா? மகன் என்பது பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன் எழுதியது. மங்கோலியரின் ‘ரகசிய வரலாறு’, 1370இல் முடிந்த சீனத்து ‘யுவான் வரலாறு’ இரண்டும் பேரன் என்கின்றன. நான் பேரன் பக்கம்தான். யுவான் வரலாறு சொல்லும் கதையும் கைக்குழந்தை ஒன்று இருந்தால்தான் நடக்கும்.

கதை இது. ஜலாயிர் குலத்துப் பிள்ளைகள் தின்பதற்காகப் புல்வெளியில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் வந்த மெனன் துதுனின் மனைவி, “என் பிள்ளைகள் குதிரை ஓட்டும் இடத்தையா பாழாக்குகிறீர்கள்?” என்று வண்டியை அவர்கள் மேலேயே ஓட்டிவிட்டாள். சில பிள்ளைகள் செத்துப்போனார்கள். ஜலாயிர்கள் அவளுடைய குதிரைகளை ஓட்டிக்கொண்டு போக, கவசம்கூடப் போடாமல் துரத்திய ஆறு மகன்களும் மாண்டார்கள், பிறகு அவளும். மிஞ்சியது விறகுக் குவியலுக்குள் செவிலித்தாய் ஒளித்துவைத்த பேரன் காய்து, பெண் எடுத்த வீட்டில் இருந்ததால் தப்பிய ஏழாவது மகன் நாச்சின், இருவர்தான். நாச்சின் அந்தக் குழந்தையை ஆளாக்கித் தலைவனாக்கினார். காய்து ஜலாயிர்களை அடக்கி, ஆற்றங்கரையில் கூடாரமடித்து, போக வர ஆற்றின் மேல் பாலமும் போட்டார். அடங்கிய அதே ஜலாயிர் குலத்தில்தான் பின்னாளில் செங்கிஸின் பெரிய தளபதி முகாலி பிறந்தார்.

காய்துவிடமிருந்து இரண்டு கிளைகளாவது வரையுங்கள். பாய் ஷிங்கோர் கிளை செங்கிஸுக்கு வருகிறது. இன்னொரு மகன் சரகாய் லிங்கும் கிளையில் வந்தவர்கள் தாய்சியுத்கள். சிறுவன் தெமுஜினைப் பிடித்துக் கழுத்தில் மரப்பலகை மாட்டியவர்கள் இந்தப் பங்காளிகள்தாம்! தெமுஜின்தான் பின்னாளைய செங்கிஸ்.

இனி பாபர். அவர் தாய் குத்லுக் நிகார், செங்கிஸின் மகன் சகதாய் வழி வந்தவர். அங்கே தாராளமாக முழுக்கோடு போடலாம். தந்தை வழி தைமூருக்குப் போகிறது. அதற்கு மேல் புள்ளிக்கோடு போடுங்கள். தும்பினாயின் மகன் கச்சுலி வழியில் வந்தவர்கள் நாங்கள் என்பது தைமூர் வம்சத்தார் சொல்லிக்கொண்டது. ரகசிய வரலாற்றிலோ, தைமூரின் பர்லாஸ் குலம் காய்துவின் சித்தப்பாமார் வழியிலேயே பிரிந்துவிடுகிறது.

அப்புறம், பெயரை எழுதும்போது கவனம். ‘கைது’ என்று எழுதினால் போலீஸ் பிடித்த மாதிரி இருக்கும், ‘கைடு’ என்றால் பரீட்சைக்கு வாங்குகிற நோட்ஸ். அதனால்தான் நான் காய்து என்றே எழுதுகிறேன்.