கேள்வி – பதில்: கிரேக்கப் புராணத்து அரசிகள்

'ஒடிசி'யில் பெனலொப்பி வாய் திறந்ததுமே மகன் டெலிமாக்கஸ் "உள்ளே போங்கள்" என்று அடக்கிவிடுகிறானே, ஓர் அரசிக்கு அவ்வளவுதான் மதிப்பா?
– வாசகி, கும்பகோணம்

நீங்கள் சொல்வது ஹோமரின் காவியமான 'ஒடிசி'யின் முதல் காண்டத்துக் காட்சி. பெனலொப்பி, டிராய் போருக்குப் போன அரசன் ஒடிசியஸின் மனைவி. டிராய் போருக்குப் போனவர்கள் ஊர் திரும்ப என்ன பாடுபட்டார்கள் என்று கூடத்தில் பாணன் பாடுகிறான். கணவன் இன்னும் திரும்பாதவளுக்கு அது தாங்கவில்லை. வேறு பாட்டுப் பாடச் சொல்கிறாள். உடனே மகன், "உங்கள் தறியையும் நூற்கோலையும் போய்ப் பாருங்கள், பேச்சு ஆண்களின் காரியம்" என்கிறான். ஏறக்குறைய இதே வரிகள் 21ஆம் காண்டத்தில் மீண்டும் வருகின்றன. 'பேச்சு' இருந்த இடத்தில் 'வில்' இருக்கும். டிராய் போரைப் பாடும் ஹோமரின் 'இலியட்' 6ஆம் காண்டத்தில் டிராய் வீரன் ஹெக்டர் மனைவி ஆண்ட்ரமகியிடம் சொல்வதும் இதே வாய்பாடுதான், அங்கே 'போர்'.

மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆண்ட்ரமகி வெறுமனே அழவில்லை. "அத்திமரத்துப் பக்கம் மதில் ஏறுவதற்கு எளிது, எதிரி மூன்று தடவை முயன்றுவிட்டான், படையை அங்கே நிறுத்துங்கள்" என்று யோசனை சொல்கிறாள். 21ஆம் காண்டத்தில் பெனலொப்பி, பிச்சைக்காரன் கையிலும் வில்லைக் கொடுத்துப் பாருங்கள் என்கிறாள். அந்தப் பிச்சைக்காரன்தான் மாறுவேடத்தில் வந்திருக்கும் அவள் கணவன் ஒடிசியஸ். விவரமாகப் பேசும் பெண்ணிடம்தான் 'தறிக்குப் போ' என்ற பேச்சு வருகிறது. எல்லோரும் அடங்கிக் கிடக்கும் வீட்டில் இந்த விதியை யாரும் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கணவன் திரும்பமாட்டான் என்று 108 பேர் அவளையே மணக்கக் கேட்டு வந்து வீட்டில் தின்று தீர்க்கும்போது அவள் அவர்களிடமே பரிசுப்பொருள் வசூலிக்கிறாள் (18ஆம் காண்டம், ஒருவன் கொடுத்த அங்கியில் மட்டும் 12 தங்க ஊசிகள்). தன்னை மணப்பவனை முடிவுசெய்யும் வில் போட்டியை அறிவிப்பதும் அவளே. மதிப்பு இல்லாதவள் செய்கிற வேலையா இது?

பெண் கேட்டு வந்தவர்களைப் பெனலொப்பி பகலில் நெய்து இரவில் பிரித்து மூன்று ஆண்டு ஏமாற்றினாள் என்பது நடக்கிற காரியமா? எங்கள் வீட்டில் தறி உண்டு, அதனால் கேட்கிறேன்.
– வாசகர், காஞ்சிபுரம்

உங்கள் குழித்தறியை மறந்துவிடுங்கள். அவள் தறி நிமிர்ந்து நிற்பது. சுவரில் சாய்ந்த இரண்டு மரக்கால்கள், மேலே ஒரு குறுக்குக் கட்டை. பாவு நூல்கள் (நீளவாட்டு நூல்கள்) அந்தக் கட்டையிலிருந்து தொங்கும். அவற்றை இழுத்துப் பிடிப்பது அடியில் கட்டிய சுட்ட களிமண் குண்டுகள். கிரேக்க அகழாய்வுகளில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன. நெய்கிறவள் நின்றபடி ஊடையை (குறுக்கு நூலை) மேல்நோக்கி அடிப்பாள், துணி மேலிருந்து கீழாக வளரும். ஆகவே பிரிப்பதற்குப் பாவைத் தொடவே வேண்டாம், கீழ் விளிம்பிலிருந்து ஊடையை மட்டும் உருவினால் போதும்.

தொல்லை வேறு இடத்தில். ஒரே நூலைத் திரும்பத் திரும்ப உருவினால் பிசிறு கிளம்பும், நைந்து அறும். நெய்தவர் கண் அதை ஒரு வாரத்தில் பிடித்துவிடும். ஆனால் வந்திருந்தவர்கள் நெய்யாதவர்கள். தறி பெண்கள் பகுதி என்று ஆண்களே கோடு போட்டிருந்தார்கள், அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் அவள் வேலை செய்தாள். இது முடிந்ததும் மணக்கிறேன் என்று சொல்லி நெய்தது மாமனார் லயெர்ட்டிஸின் பிணப்போர்வை என்பதால் 'சீக்கிரம் முடி' என்று நச்சரிப்பதும் அழகில்லை. நான்காம் ஆண்டில் மாட்டிக்கொண்டது துணியால் அல்ல, பணிப்பெண் ஒருத்தி போய்ச் சொன்னதால்.

இத்தாலியின் கியூசியில் கிடைத்த, கி.மு. 440 வாக்கிலான கிண்ணம் ஒன்றில் பெனலொப்பி தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் தறி நிற்கிறது. அதில் பாவு நூல்களைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கிளைடெம்னெஸ்ட்ரா உண்மையில் வில்லியா?
– வாசகர், திருநெல்வேலி

டிராய் போரில் கிரேக்கப் படைத்தலைவனான அகமெம்னானின் மனைவி அவள், ஊர் திரும்பிய கணவன் கொலையில் பங்குள்ளவள். எந்த நூலில் என்று கேட்டுக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். 'ஒடிசி'யில் அந்தச் சதிக்குத் தலைவன் அவள் கள்ளக்காதலன் ஏகிஸ்தஸ். அவளுக்குக் காவலாக அகமெம்னான் ஒரு பாணனை விட்டுப்போகிறான். அவனை ஏகிஸ்தஸ் ஆளில்லாத தீவில் கொண்டுபோய்த் தள்ளுகிறான். முதலில் அவள் இணங்கவில்லை என்றே 3ஆம் காண்டம் சொல்கிறது.

கி.மு. 458இல் எஸ்கிலஸ் மேடையேற்றிய 'அகமெம்னான்' நாடகத்தில் எல்லாம் அவள் கையில். டிராய் விழுந்த சேதி ஐடா மலையில் தொடங்கி லெம்னாஸ், ஏதோஸ் என்று மலைக்கு மலை தீமூட்டி ஒரே இரவில் ஆர்கோஸ் வருகிறது. ஊர்ப் பெரியவர்கள் பெண்பிள்ளை பேச்சென்று இளக்காரம் செய்ய, அவள் ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லி அடுக்குகிறாள். சேதித் தொடரை அமைத்தவளும் அவள்தான். பிறகு குளியலில் கணவன்மேல் வலைபோன்ற துணியைப் போர்த்தி மூன்று வெட்டு. மூன்றாவது, அவன் விழுந்த பிறகு. ஏகிஸ்தஸ் கடைசியில்தான் மேடைக்கு வருகிறான், பெரியவர்கள் அவனை 'பெண்ணே' என்று ஏசுகிறார்கள். அவளுக்கு ஆணின் புத்தி என்று காவலன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். அதிகாரத்தை அவளிடம் கொடுத்த கையோடு ஆண்–பெண் அடையாளத்தையும் மாற்றிப்போடுவது எஸ்கிலஸின் உத்தி. மகள் இஃபிஜெனியாவைத் தகப்பனே பலியிட்டான் என்ற அவள் வாதத்துக்கும் அவர் இடம் கொடுக்கிறார். ஆனால் இதே தொடரின் மூன்றாம் நாடகத்தில், தாயான அவளைக் கொன்ற மகன் ஒரெஸ்டிஸுக்காக நீதிமன்றத்தில் வாதாடும் அப்பல்லோ தெய்வம், தாய் பெற்றவளே அல்ல, விதையைக் காப்பவள் மட்டுமே என்கிறான். சாட்சிக்குக் காட்டுவது தாயில்லாமல் பிறந்த அத்தீனா தேவியை! ஓட்டுச் சமம், ஒரெஸ்டிஸ் விடுதலை. என் கணக்கில், அவள் பக்க நியாயத்தை அங்கே யாரும் முறியடிக்கவில்லை, தள்ளிவைத்தார்கள்.

மெனலேயஸ், ஈடிப்பஸ், பெலொப்ஸ் எல்லோரும் அரசியை மணந்து அரசரானவர்கள். அப்படியானால் முன்பு பெண்ணாட்சி இருந்ததா?
– வாசகி, யாழ்ப்பாணம்

1861இல் பாக்கோஃபென் என்ற சுவிஸ் அறிஞர் அப்படித்தான் எழுதினார், இன்றும் பலருக்கு அது பிடிக்கிறது. கதைகளைப் பார்த்தால் பெண்ணைக் கொடுப்பவன் யார் என்று தெரியும். மெனலேயஸ் மணந்த ஹெலனுக்குத் தந்தை டின்டாரியஸ், ஈடிப்பஸ் மணந்த யொகாஸ்டாவுக்கு அண்ணன் தம்பி உறவில் கிரியான், பெலொப்ஸ் மணந்த ஹிப்போடமியாவுக்குத் தந்தை ஈனோமாஸ் வைத்த தேர்ப்பந்தயம். அரியணை பெண் வழியாகப் போகிறது, சாவி ஆண் கையில்.

வெண்கலக் காலத்துக்கு நேரடிச் சான்று வேண்டுமானால், 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக் காட்டிய களிமண் ஏடுகள் உள்ளன. கிரேக்கத்தின் பைலாஸ் அரண்மனை ஏடுகளில் நெசவுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அளந்த தானியமும் அத்திப்பழமும் பதிவாகியிருக்கின்றன. எரித்தா என்ற பூசாரிப் பெண், தன் நிலம் தெய்வத்துக்குரியது என்று ஊராரோடு வழக்காடுவதும் உண்டு. பெண்ணாட்சி அங்கே இல்லை, எரித்தாவின் பிடிவாதம் இருக்கிறது.

புராணத்துப் போர்வீராங்கனைகளான அமேசான் பெண்கள் வில் வளைக்க ஒரு மார்பை அறுத்துக்கொண்டது உண்மையா?
– வாசகர், கோவை

கிரேக்கக் குவளை ஓவியங்களில் அவர்களுக்கு இரண்டு மார்பும் இருக்கின்றன. கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த ஸ்கைத்தியரின் புதைகுழிகளில் ஆயுதங்களோடு பெண் எலும்புக்கூடுகள் கிடைத்தது தனிச் சேதி. வில் பிடிக்க எதையும் அறுக்க வேண்டியதில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?
– வாசகி, சேலம்

'ஒடிசி' 6, 7ஆம் காண்டங்கள். அரசன் சிம்மாசனத்தைத் தாண்டிப் போய் அம்மாவின் முழங்காலைப் பிடி என்று இளவரசி நாசிகா ஒடிசியஸுக்கு வழி சொல்வாள். அந்த அம்மா, அரசி அரீட்டி, ஆண்களின் வழக்கையும் தீர்த்துவைப்பவள். பிறகு 1, 18, 21, 23. அடுத்து 'அகமெம்னான்'. கடைசியில் கி.மு. 431இல் வந்த யூரிப்பிடிஸின் 'மெடியா'. ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை போர்க்களத்தில் நிற்பேன் என்கிற வசனம் அதில்தான் வருகிறது. அந்த ஆண்டு நாடகப் போட்டியில் யூரிப்பிடிஸுக்குக் கிடைத்தது மூன்றாமிடம். படிக்கும்போது மெடியா உட்பட எல்லாப் பெண் வேடங்களையும் முகமூடி போட்ட ஆண்களே நடித்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.