ஆன்லைன் வகுப்புக்கு எந்த ஆப்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேருக்கு மாலை நேரத்தில் ஆன்லைனில் கணக்கு சொல்லித் தருகிறேன். ஜூம் 40 நிமிடத்தில் கட் ஆகிவிடுகிறது. மீட், டீம்ஸ், ஜிட்சி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காசில்லாமல் கிடைப்பதில் எது நல்லது? ஒரே வரியில் சொல்லுங்கள், போதும். – வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரே வரியில் என்றால் கூகுள் மீட். ஆனால் அதை நம்பி இன்று சாயங்காலமே மாறிவிடாதீர்கள், டீச்சர். கொஞ்சம் பொறுங்கள்.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், மீட்டிலும் டீம்ஸிலும் 60 நிமிடம், மூன்றிலுமே 100 பேர் வரை சேரலாம். இது இன்றைய நிலவரம், அவ்வளவுதான். 2020இல் கொரோனா சமயத்தில் மீட்டை எல்லாருக்கும் திறந்துவிட்ட கூகுள், நேர வரம்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 2021 நடுவில்தான் 60 நிமிடத்தைக் கறாராக்கியது. கொடுத்தவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய நிமிடங்களை நம்பி வகுப்பு நேரத்தை அமைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம், கணக்கு வகுப்புக்கு 40 நிமிடம் அப்படியொன்றும் குறைச்சல் இல்லை. பள்ளியிலும் ஒரு பீரியட் ஏறக்குறைய அவ்வளவுதானே? 40 நிமிடம் நடத்திவிட்டு, மீதி நேரத்தில் பிள்ளைகள் கணக்கைப் போட்டு நோட்டைப் படமெடுத்து அனுப்பட்டும்.

இணையத்தில் ஒப்பீட்டு அட்டவணைகள் நிறையக் கிடைக்கும், முப்பது வசதிக்கு டிக் அடித்து வைத்திருப்பார்கள். அதில் நீங்கள் தொடப்போவது நான்குகூட இருக்காது. நான் பார்க்கச் சொல்வது வேறு: அந்தப் பதினெட்டுப் பேரில் ஆகப் பழைய போன் யாரிடம், சிக்னல் யார் வீட்டில் மோசம்? உங்கள் வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் ஒரு மாணவராக உள்ளே போய், வீட்டில் யாரையாவது உங்கள் இடத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லி அரை மணி நேரம் பாருங்கள். எழுத்து படிக்க முடிகிறதா, வர்க்கமூலக் குறிக்குள் இருக்கும் எண் தெரிகிறதா, போன் சுடுகிறதா, டேட்டா எவ்வளவு போயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லார் முகமும் தெரிகிற குழு வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 800 எம்பியில் தொடங்கி, சில சமயம் 1 ஜிபியைத் தாண்டிப் போகும். தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கும் வீட்டில் உங்கள் வகுப்பு ஒன்றே பாதிக்கு மேல் விழுங்கிவிடும், மற்ற பாடத்துக்கு என்ன செய்வார்கள்? பிள்ளைகள் வீடியோவை அணைத்துவிட்டு உங்கள் காகிதம் மட்டும் தெரிந்தாலே செலவு நன்றாகக் குறையும். இந்தச் சோதனையை ஒவ்வொரு ஆப்பிலும் செய்து பாருங்கள், எது தாக்குப்பிடிக்கிறதோ அதுதான் உங்கள் வகுப்புக்கு நல்லது.

அடுத்தது பதிவு, அதாவது வகுப்பை ரெக்கார்ட் செய்து வைப்பது. அப்பா வேலை முடிந்து வந்தால்தான் கைக்கு போன் கிடைக்கும் என்கிற பிள்ளை ஒன்றிரண்டாவது இருக்கும், அவர்களுக்குப் பதிவுதான் வகுப்பே. மீட்டின் இலவசக் கணக்கில் பதிவு செய்ய வழியில்லை. ஜூமின் இலவசக் கணக்கில் உண்டு, ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து நடத்தினால் மட்டும், போனிலிருந்து நடத்தினால் கிடையாது. பார்த்தீர்களா, பதிவு வேண்டும் என்றதும் என் ஒற்றை வரி பதில் ஜூம் என்று மாறிவிட்டது! பதிவை யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆகப் போட்டு லிங்க்கை அனுப்பலாம். லிங்க் கிடைத்த யாரும் பார்க்க முடியும் என்பதால் பிள்ளைகளின் முகமோ பெயரோ அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் கற்றுத்தருகிறேன். பல வருஷமாக ஸ்கைப். அதை மூடிவிட்டார்கள். ஜூமுக்கு மாறினால் தம்புரா சத்தமே போவதில்லை என்கிறார்கள், என் குரலும் நடுவில் அமுங்குகிறதாம். – வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதியோடு நின்றுபோனது, எத்தனையோ பாட்டு வாத்தியார்களுக்கு அது பெரிய அடிதான். தம்புரா விஷயத்தில் உங்கள் இணையத்தின் மேல் பழி இல்லை. இந்த ஆப்கள் எல்லாமே பேச்சுக்காகச் செய்தவை. மின்விசிறி, ஏசி மாதிரி விடாமல் ஒரே சீராக வரும் ஒலி எதுவானாலும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும், தம்புராவும் அந்தக் கணக்கில் போய்விடுகிறது. நீட்டிப் பிடிக்கிற கார்வையும் சில சமயம் அதில் மாட்டிக்கொள்ளும். ஜூமின் ஆடியோ செட்டிங்கில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் இந்த வெட்டல் நிற்கும். எதிரொலியைத் தடுக்கும் வசதியையும் சேர்த்து அணைத்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அப்போது இரண்டு பக்கமும் ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வந்து படுத்தும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகப் பாடம் என்றால் நேரத்தையும் பாருங்கள். ஜூமில் இருவர் மட்டும் பேசினாலும் 2022 முதல் அதே 40 நிமிடம்தான். மீட்டில் இருவர் மட்டும் என்றால் 24 மணி நேரம் வரை போகலாம், ராகம் தானம் பல்லவியே பாடி முடிக்கலாம். ஆனால் எந்த ஆப்பாக இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து தாளம் போட்டுப் பாட முடியாது. ஒலி டொரன்டோ போய்த் திரும்புவதற்குள் தாளம் தள்ளிப்போய்விடும். நீங்கள் பாட, பிள்ளை மைக்கை மூடிக் கேட்டு, பிறகு திருப்பிப் பாடட்டும். அங்கேயே அவர்கள் வீட்டிலேயே தம்புரா ஆப் ஓடட்டும், இங்கிருந்து அனுப்ப வேண்டாம். சேர்ந்து பாடிப் பழக உங்கள் குரலில் பதிவு செய்த ஃபைலை அனுப்புவதுதான் வழி. எந்த ஆப்பையும் எடைபோட, கொஞ்சம் வேகமாகப் போகும் மத்தியமகால கிருதி ஒன்றைப் பாடிப் பாருங்கள், பேசிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: என் மகளின் டியூஷனில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து நம்பரை எடுத்து யாரோ இரவில் மெசேஜ் அனுப்புகிறார்கள். குரூப் இல்லாமல் நடத்த முடியாதா? – ஒரு தாய், திருப்பூர்

பதில்: தாராளமாக முடியும். வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொருவர் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், அது பிழை இல்லை, அதன் அமைப்பே அப்படி. அதே வாட்ஸ்அப்பில் 'கம்யூனிட்டி' என்று தொடங்கினால் அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரியும். டெலிகிராமிலும் நம்பரை மறைக்கலாம், ஆனால் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை, அதற்குள் வேறு என்னென்னவோ கிடக்கிறது. வீட்டுப்பாடம், நோட்ஸ் எல்லாம் கூகுள் கிளாஸ்ரூமில் போடலாம், சாதாரண ஜிமெயில் கணக்கு போதும். 13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பார்வையில் இருக்கும் ஃபேமிலி லிங்க் கணக்கு வேண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது, டியூஷன் நடத்துகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன்னால் அந்த நம்பரை பிளாக் செய்து, மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தொடர்ந்தால் 1930 (சைபர் குற்ற உதவி எண்) அல்லது 1098க்குக் (குழந்தைகள் உதவி எண்) கூப்பிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் தமிழ் எடுக்கிறேன். மாணவர்கள் சேர்ந்து எழுத ஜாம்போர்டில் பலகைகள் வைத்திருந்தேன், அது போயிற்று. அதற்கு முன் எட்மோடோ என்கிற வகுப்புத் தளமும் இப்படித்தான் போனது. இனி எதை நம்புவது? – வாசகர், மதுரை

பதில்: எட்மோடோ 2022 செப்டம்பரில் போனது, ஜாம்போர்டு 2024 கடைசி நாளோடு. அடுத்தது எது என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். புதிதாக எதையும் தொடங்கும் அன்றே, உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பத்து வரி எழுதி, படம் ஒன்று சேர்த்து, பிடிஎஃப் ஆகவோ வேறு ஃபைலாகவோ இறக்கித் திறந்து பாருங்கள், முக்கியமாகத் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா என்று. ஆங்கிலத்தில் ஒழுங்காக இறங்கும் ஃபைலில் தமிழின் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பலகைக்கு எக்ஸ்காலிட்ரா பாருங்கள், கணக்கே தேவையில்லை, வரைந்ததை உங்கள் கணினியிலேயே சேமிக்கலாம். சேர்ந்து கட்டுரை எழுத கூகுள் டாக்ஸ் போதும். அதில் தமிழில் பேசினால் தட்டச்சாகும், அதைவிட முக்கியம், பழைய பதிப்புகளைத் திறந்தால் எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று தெரியும். ஐந்து பேர் பெயர் போட்ட கட்டுரையை ஒரே பெண் விடிய விடிய எழுதியிருப்பதும் தெரிந்துவிடும், மதிப்பெண் போடும்போது உதவும்.

கேள்வி: யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் பற்றி ஏன் எழுதுவதே இல்லை? ஜிட்சி, பிக்புளூபட்டன் எல்லாம் இருக்கிறதே. – வாசகர், விழுப்புரம்

பதில்: இதோ எழுதிவிட்டேன். ஜிட்சியின் பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்ட் முதல் நடத்துகிறவர் மட்டும் உள்நுழைய வேண்டும், மாணவர்கள் லிங்க்கைத் தட்டினால் போதும். சின்னக் கூட்டத்துக்கு அருமை, முப்பது நாற்பது பேர் வீடியோவைத் திறந்துவைத்தால் திணறும். பிக்புளூபட்டன் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்புக்கென்றே பிறந்தது. பலகை, குழுப்பிரிப்பு, கருத்துக்கணிப்பு எல்லாம் ஆசிரியர் மனசறிந்து வைத்திருக்கிறார்கள். மென்பொருளுக்குக் காசில்லை, ஆனால் ஓட்டுவதற்கு ஒரு நல்ல சர்வர் வேண்டும், அதற்கு வாடகை உண்டு, பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். கல்லூரி என்றால் யோசிக்கலாம். வீட்டு டியூஷனுக்கு வேண்டாம்.

கேள்வி: வெப்கேமரா வாங்க வேண்டுமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். மைக் உள்ள நல்ல ஹெட்செட் வாங்குங்கள். படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் விட்டுவிட்டு வந்தால் போய்விடுவார்கள். எழுதிக் காட்ட, இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி மேலே போனைத் திரை மேற்பக்கம் தெரியப் படுக்கவைத்து, அதன் பின்பக்கக் கேமரா கீழே இருக்கும் காகிதத்தைப் பார்க்கும்படி வைத்தால் போதும். அந்தப் போனையும் இன்னொரு ஆளாக வகுப்பில் சேர்த்துவிடுங்கள், ஆனால் அதன் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு.