ஒன்பது மாதமாகியும் தவழாத குழந்தை

ஒன்பது மாத மகள் இன்னும் தவழவில்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறாள், இது குறைபாடா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தவழாமல் உட்கார்ந்தபடியே நகர்வது மட்டும் குறைபாட்டின் அறிகுறி ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நலமான குழந்தைகளிலேயே சுமார் 4 சதவீதத்தினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை.

நீங்கள் எழுதியபடி பகலின் பெரும்பகுதி வாக்கரில் கழிவதே காரணமாக இருக்கலாம். அதை இன்றே ஒதுக்கிவிடுங்கள். படிக்கட்டுள்ள வீட்டில் அது ஆபத்தும்கூட.

தரையில் பாய் விரித்து, குழந்தையைக் குப்புறக் கிடத்தி, சற்றே எட்டாத தூரத்தில் ஓர் எவர்சில்வர் தம்ளரை உருட்டிவிட்டு, அவள் உள்ளங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்குகிறாளா, இரு கைகளையும் நீட்டுகிறாளா என்று பாருங்கள். பிறகு தம்ளரைத் துணியால் மூடுங்கள். துணியை விலக்கித் தேடினால், மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் ஒரு கையை மட்டுமே பயன்படுத்தினாலோ, கால்கள் விறைத்தோ துவண்டோ இருந்தாலோ, முன்பு செய்ததை இப்போது செய்யாவிட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால், வயதைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள்.