மனுசி கல் அரிகிறா, நீங்கள் ரொறன்ரோவில் நிற்கிறீர்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். மனைவி ஒட்டுசுட்டான் பக்கம் தாய் தகப்பனோடு இருக்கிறா. அவர்கள் ஆள் பிடிக்காமல் தாங்களே அச்சில் சீமெந்துக் கல் அரிந்து, தாங்களே சுவர் வைத்து வீடு கட்டுகிறார்கள். மனைவி சீமெந்து குழைப்பதை வீடியோவில் பார்த்ததில் இருந்து உங்களுக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. கடன் எடுத்தாவது ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுத்து முடிப்பிக்கலாமா, அந்தக் கதையை எடுத்தாலே அவ ஏன் கோபப்படுகிறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடன் எடுக்க வேண்டாம். கொந்தராத்துக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டையும் செய்து பார்த்தவன் நான்.

எங்களுக்குக் கலியாணம் 2012 ஆவணியில். நான் அதற்கு முன்பே குடியுரிமை எடுத்துவிட்டேன், ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் இரவு வேலை. மனைவியின் வீடு விசுவமடுவுக்கு உள்ளே. 2009இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி, செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். முன்பு இருந்த கல்வீட்டில் மிஞ்சியது கிணற்றுக்கட்டும் குசினிச் சுவரின் ஒரு மூலையும்தான். தகரக் கொட்டிலுக்குள் ஐந்து பேர். பகலில் அதற்குள் இருக்க ஏலாது, வேப்பமரத்துக்குக் கீழேதான் சீவியம்.

2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. மொத்தம் 50,000 வீடுகள் என்று அறிவித்த திட்டம் அது. வடக்குக் கிழக்கில் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரரே முன்னின்று கட்ட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து அந்தக் காசு காணாது. கூலிக்குக் கொடுத்து முடித்த பல குடும்பங்கள் நகையை அடகு வைத்தன. மாமா கூலியை முழுதாகவே வெட்டிவிட்டார். தானும் மாமியும் மகனும் என் மனைவியும் வேலை செய்வது, சாமானுக்கு மட்டும் காசு என்று முடிவெடுத்தார். அவர் பழைய வீட்டையும் அப்படித்தான் கட்டியவர்.

எனக்கு அது விளங்கவில்லை. சித்திரையில் அத்திவாரம் போட்டார்கள். ஆடி வந்தும் சுவர் யன்னல் மட்டத்தில் நின்றது. அந்த நாட்களில் மனைவி கையைப் படம் எடுத்து அனுப்பினா. முறைப்பாடாக அனுப்பவில்லை, நான் கேட்டதால் அனுப்பினா. விரல் நுனிகளில் தோல் உரிந்து, நகத்தின் ஓரம் எல்லாம் வெடித்திருந்தது. ஈரச் சீமெந்து கையைத் தின்னும், தம்பி. மருதாணி வைத்த அந்தக் கையை ஒரு வருடத்துக்கு முன்பு பிடித்தவன் நான். அடுத்த நாளே கடன் அட்டையில் காசு எடுத்தேன். கடைக்கு அட்டை போட்டால் தவணை கிடைக்கும். அட்டையில் காசாக எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும், அதுவும் கூடின வட்டி. அது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் மூலம் கிளிநொச்சியில் ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்தேன். மூன்று லட்சம் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் வீட்டுக்குச் சொன்னேன்.

நாலு பேர் வந்தார்கள். விலைக்கு வாங்கின கல்லை இறக்கினார்கள். ஒன்பது நாளில் சுவர், வாசல் யன்னலுக்கு மேலே கொங்கிறீற் போடும் லின்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. எனக்கோ பெரிய சந்தோசம். வாசல் நிலையை இறுக்குவதற்கு ஓட்டை போட்டபோது கல்லின் மூலை மாவாகக் கொட்டியது. தவணைக்கு முதல் பரிசோதிக்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அந்தச் சுவரை இறக்கிக் கட்டச் சொன்னார், அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த தவணை நின்றது. கொந்தராத்துக்காரர் தொலைபேசியை எடுப்பதை விட்டுவிட்டார்.

காசு போனதைக்கூட மறந்துவிட்டேன். அந்த ஆட்கள் வந்து இறங்கிய நாளில் இருந்து மாமா வளவில் நிற்கவில்லை. விடியவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், இருட்டின பிறகுதான் வருவார். ஆடி மாதம், வயலில் ஒரு வேலையும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் எடுத்துச் சுவர் எவ்வளவு வந்திருக்கு என்று கேட்பேன். மனைவி ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைத்தான் சொல்லுவா: "அப்பா இண்டைக்கும் வயலுக்குப் போட்டார்." அவ என்ன சொல்லுறா என்று எனக்கு விளங்க இரண்டு கிழமை எடுத்தது.

உங்கள் மனைவி ஏன் கோபப்படுகிறா என்று கேட்டீர்களே. அவவின் வீட்டில் யாரும் உதவி கேட்டு நிற்கவில்லை. அவர்கள் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அதைக் கஷ்டம் என்று மட்டும் நீங்கள் பார்க்கும்போது, தகப்பனுக்கு ஏலாது என்று நீங்கள் சொல்வதாக அவவுக்குக் கேட்கிறது. பிறகு அந்தச் சொல்லைத் தகப்பனிடம் கொண்டுபோக வேண்டியவளும் அவதான். எத்தனை பை சீமெந்து முடிந்தது, ஏன் இன்னும் கூரை இல்லை, மணல் என்ன விலை என்று நீங்கள் இங்கிருந்து கேட்கக் கேட்க, பெற்ற தகப்பனுக்கு அவவைக் கங்காணி ஆக்குகிறீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

வேலை ஏன் மெதுவாக நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் பதற்றம் பாதி குறையும். நான் 2014 ஆவணியில் மூன்று கிழமை போய் நின்றபோது மாமா காட்டித் தந்தது இது. ஒரு பை சீமெந்துக்கு ஆறு இஞ்சிக் கல் முப்பதுக்கு மேல் அரிய விடமாட்டார். கடைக்கு அரிகிறவர்கள் அதே பையில் இன்னும் பலதை எடுப்பார்கள், அதுதான் என் சுவர் கொட்டியது. அரிந்த கல்லை நிழலில் வைத்து, ஒரு கிழமைக்குக் குறையாமல் காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணற்றில் அள்ளித்தான். ஊற்றாமல் விட்டால் கல் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளுக்குப் பலம் வராது. சுவர் வைக்கும்போதும் கல்லை நனைத்துத்தான் வைப்பார். "காஞ்ச கல்லு சாந்தில இருக்கிற தண்ணியைக் குடிச்சிடும், பிறகு சாந்து வெறும் மண்" என்பார். ஒரு நாளைக்கு ஆறு வரிசைக்கு மேல் ஏற்றமாட்டார். கீழே உள்ளது இறுக வேண்டும். இது ஒன்றும் சுணக்கம் இல்லை, வேலையே இந்த வேகம்தான்.

பிறகு காலம். வன்னியில் புரட்டாதி, ஐப்பசியில் காலபோக விதைப்பு. தொடர்ந்து மழை, மார்கழி வரைக்கும். மாசி, பங்குனியில் அறுவடை. அந்த மாதங்களில் வீட்டுவேலை நகராது, நகர வேண்டிய தேவையும் இல்லை, நெல்தான் அவர்களுடைய வருடச் சாப்பாடு. சித்திரையில் இருந்து ஆவணி வரைதான் கட்டடக் காலம். இந்த முறை மழைக்கு முன் எது முடிய வேண்டும் என்று உங்கள் மாமாவிடம் நேரே, மரியாதையாகக் கேளுங்கள். காசை அதற்கு ஏற்றமாதிரிப் பிரியுங்கள்.

மொத்தமாக அனுப்ப வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காசு மொத்தமாக வந்தால் சீமெந்தை மொத்தமாக வாங்குவார்கள், விலை ஏறிவிடும் என்ற பயத்தில். 2022ஐக் கண்ட சனம் அது. பங்குனியில் ரூபாவின் பெறுமதியைக் கட்டுப்படுத்தாமல் மிதக்க விட்டுவிட, 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர் வைகாசிக்குள் 360ஐத் தொட்டது, சீமெந்து விலை எங்கேயோ போனது. ஆனால் கொட்டிலுக்குள் மழைக்காலத்தில் அடுக்கி வைத்த சீமெந்து இரண்டு மூன்று மாதத்தில் கட்டி பிடிக்கும், பலமும் இறங்கும். அந்த அந்த வேலைக்கு அந்த அந்த நேரம் வாங்குவதுதான் நல்லது.

எவ்வளவு என்று கேட்டால், முதலில் உங்கள் வாடகை, சாப்பாடு, பஸ் காசு, சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டியது. பிறகு மனைவி வரும்போது தேவைப்படும் ரிக்கெற், ஒரு அறையாவது தனியாக எடுக்கும் காசு. ஒன்ராறியோவில் முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து முன்பணமாகக் கேட்பார்கள். இவற்றுக்கு ஒதுக்கியபின் மிஞ்சுவதில் பாதியை, சின்னத் தொகையானாலும், ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் அனுப்புங்கள். ஒரு மாதம் ஐந்நூறு, அடுத்த இரண்டு மாதம் ஒன்றுமில்லை என்றால் அங்கே ஒரு திட்டமும் போட ஏலாது. எதற்கு என்று கேட்டால், கையால் செய்ய ஏலாத சாமானுக்கு. சீமெந்து, கம்பி, முதிரை நிலை, ஓடு. கல்லும் சுவரும் பூச்சும் அவர்கள் கையில் இருக்கட்டும். கூரைக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் போடும் யோசனை இருந்தால், மிச்சக் காசைப் போட்டு ஓட்டுக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சீற்றை வெட்டும்போது வரும் தூசு நெஞ்சுக்குள் போனால் நல்லதில்லை, இவர்களோ கைவாளால் வெட்டுகிறவர்கள்.

லின்டல் கொங்கிறீற் போடும் நாளும் கூரை ஏற்றும் நாளும் அயலெல்லாம் வந்து நிற்கும். கூலி கிடையாது, பிறகு அவர்கள் வீட்டு வேலைக்கு இவர்கள் போவார்கள். அன்றைக்குச் சாப்பாடு போடுவதுதான் வீட்டுக்காரருக்கு மரியாதை. அந்தச் சமையல் காசை நீங்கள் அனுப்புங்கள், முதல் கிழமையே, கேட்காமல். நான் அனுப்பியதிலேயே மாமா வாய்விட்டுச் சந்தோசப்பட்டது அந்தக் காசுக்குத்தான்.

காசை மனைவியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்பும் உண்டியலில் இரண்டு ரூபா கூடக் கிடைக்கும், ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சாது. நாளைக்கு உங்கள் உறவு உண்மையானதா என்று அதிகாரி பார்க்கும்போது, மாதம் தவறாமல் மனைவி பெயருக்குப் போன காசின் பற்றுச்சீட்டு பெரிய சாட்சி. கல் அரிகிற இடத்தில் அவவோடு கதைத்த வீடியோ அழைப்புகளின் பதிவையும் அழிக்காதீர்கள்.

காணியைப் பற்றியும் ஒரு தரம் கேளுங்கள். வன்னியில் நிறையப் பேருடையது பெமிற் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. யாருடைய பெயரில் பெமிற், பின்னுரித்தாளியாக யாரைப் பதிந்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இதைப் பணம் போடுகிறவனின் குரலில் கேட்காமல், அவவின் தங்கைக்கும் தம்பிக்கும் பிறகு பிரச்சினை வரக்கூடாது என்ற இடத்தில் இருந்து கேளுங்கள்.

உங்கள் வதிவிட விண்ணப்பத்தில் மனைவியின் பெயரைச் சேர்த்தீர்களா? அதை எழுதவில்லை. ஏற்கப்பட்ட அகதி, வெளிநாட்டில் இருக்கும் மனைவியைத் தன் விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். பெயரையே காட்டாமல் விட்டிருந்தால் பிறகு ஸ்பொன்சர் செய்வது பெரிய சிக்கல். உடனே சட்டத்தரணியிடம் போங்கள்.

குடிபூரலுக்கு ஊருக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, தயவுசெய்து போகாதீர்கள். நான் போனது குடியுரிமையோடு. உங்கள் நிலை வேறு. 2012இல் சட்டம் மாறிய பிறகு, அகதிப் பாதுகாப்புப் பெற்றவர் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தாலோ அங்கே போய் வந்தாலோ பாதுகாப்பையே நிறுத்தச் சொல்லி வழக்கு வைக்கலாம், கிடைத்த வதிவிடமும் அதோடு போகலாம். மனைவியைப் பார்க்க வேண்டும் என்றால் பலரும் செய்வதுபோல் சென்னையிலோ திருச்சியிலோ சந்திப்பது இருக்கிறது. உங்கள் கையில் உள்ள பயணப் பத்திரத்துக்கு இந்திய விசா கிடைக்குமா, போய் வருவதால் சிக்கல் வருமா என்று அதையும் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

அவவோடு கதைக்கும் நேரத்தை ஒருக்கால் மாற்றிப் பாருங்கள். கோடைகாலத்தில் எங்களுக்கும் அங்கேக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். நீங்கள் இரவு வேலை முடித்துக் காலை ஏழு மணிக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது அங்கே பின்னேரம் நாலரை, கல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம். நான் அந்த நேரத்துக்கு எடுக்கத் தொடங்கினேன். மனைவி போனைக் கிணற்றுக்கட்டில் சாய்த்து வைத்துவிட்டு ஊற்றுவா. காசைப் பற்றிக் கதைக்கமாட்டோம். எந்த வரிசையில் நிற்கிறது, இன்றைக்கு யார் வந்து நின்றது, மாமா என்ன சொன்னார் என்று அவ சொல்லிக்கொண்டே போவா. இறக்கிய சுவரை மாமா திரும்ப வைக்கத் தொடங்கினதை நான் பார்த்தது அந்தக் கிணற்றுக்கட்டில் இருந்துதான்.

கடைசியாக, கைக்குக் கையுறை. அங்கேயும் விற்கிறது, ஆனால் அதற்கென்று காசு போட்டால் சீமெந்துதான் வாங்குவார்கள். கப்பலில் போகும் கடல் பெட்டியில் அனுப்புங்கள், ரப்பர் கையுறை நாலைந்து சோடி, முழங்கால் வரைக்கும் வரும் சப்பாத்து. அளவை முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் பெரிய அளவில் அனுப்பினேன். அவவின் கைக்கு அது நிற்கவில்லை, மாமாதான் போட்டுக் கிழித்தார். இரண்டாவது பெட்டியில் அனுப்பியதுதான் அவவுக்குச் சரியாக வந்தது.